முத்துலட்சுமி ரெட்டி என்ன வேலை செய்தார்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு கேள்வி காதில் விழும். “முத்துலட்சுமி பணம் உனக்கு வந்துடுச்சா?” கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அது ஒரு திட்டத்தின் பெயர். தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. இப்போது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் வரை ஏழைத் தாய்மார்களுக்குப் போகிறது. பெயர் வாயில் புழங்குகிறது, அது நல்லதுதான். அந்தப் பெயருக்குரிய பெண்மணி யார், என்ன செய்தார் என்பது மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கும் “முதல்” என்ற சொல்தான் நினைவிருக்கும். சட்டசபையில் நுழைந்த முதல் பெண், முதல் பெண் துணைத் தலைவர், மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மேன். இந்த வரிசை உண்மைதான். ஆனால் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததை மட்டும் சொல்லிவிட்டு, உட்கார்ந்து என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது அவருக்கு நியாயமாகாது. முத்துலட்சுமி சட்டசபையில் இருந்தது மூன்றரை ஆண்டுகள்தான். அந்த மூன்றரை ஆண்டில் அவர் வேலை செய்த முறையைப் புரிந்துகொண்டால், பொதுப்பணி என்பது எப்படி நடக்கிறது என்பதும் சேர்ந்தே புரியும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் பல செய்திகளுக்கு அதுதான் வேர்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பெண். இந்த உறவால் நாராயணசாமியை அவருடைய சொந்தக் குடும்பம் ஒதுக்கிவைத்தது. ஊரில் பெரிய படிப்பாளியாக மதிக்கப்பட்டவரின் வீட்டிலேயே, எந்தச் சாதியின் பந்தியிலும் முழு இடம் கிடைக்காத பிள்ளைகள் வளர்ந்தார்கள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் வாழ்க்கை முத்துலட்சுமிக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி அல்ல. தாய்வழி உறவுகளின் முகங்களில் பார்த்தது.

வயதுக்கு வந்த பிறகு பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அப்போது இல்லை. வீட்டிலிருந்தே படித்து, தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதி 1902-இல் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் தங்கப் பதக்கங்களோடு பட்டம். பிறகு சென்னை அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணி. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்துத்தான் சம்மதித்தார். அவரும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

இவ்வளவும் போதும். இனி அவர் வேலைக்கு வருவோம்.

சென்னை மாகாண சட்டசபை 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல் முறை. ஆனால் அந்த உரிமை எல்லாப் பெண்களுக்கும் இல்லை. சொத்து வைத்திருப்பவருக்கும் வரி கட்டுபவருக்கும்தான் ஓட்டு என்ற விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருந்தது. சொத்து பெரும்பாலும் ஆண் பெயரில் இருந்ததால், ஓட்டுப் போடும் தகுதி பெற்ற பெண்கள் மிகச் சொற்பம். ஓட்டுப் போடலாம், ஆனால் தேர்தலில் நிற்க முடியாது என்ற நிலை 1926 வரை நீடித்தது. அந்த ஆண்டு தடை நீங்கியதும் கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் நின்று, சொற்ப வாக்குகளில் தோற்றார்.

ஆகவே முத்துலட்சுமி சட்டசபைக்குள் நுழைந்தது தேர்தல் வழியாக அல்ல, நியமனம் வழியாக. அடையாறில் 1917-இல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரத்தி ஜினராஜதாசா ஆகியோர் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அவர் பெயரை முன்மொழிந்தது. அப்போது அவர் அரசு உதவித்தொகையில் லண்டன் செல்சீ மருத்துவமனையில் பெண்கள், குழந்தைகள் நோய் குறித்த மேற்படிப்பு முடித்துத் திரும்பிய புதிது. மருத்துவத்தை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதா என்ற தயக்கம் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். 1927 தொடக்கத்தில் அவை அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்த அவையில் அவர் ஒருவரே பெண்.

இந்த இடத்தில் அன்றைய ஆட்சிமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்தது எவ்வளவு கடினம் என்பது தெரியாது. அப்போது இருந்தது இரட்டை ஆட்சி. போலீஸ், நிதி, நிலவரி போன்றவை கவர்னரின் கைக்குள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, அறநிலையம் போன்றவை மட்டும் இந்திய அமைச்சர்களிடம். அதாவது, பொறுப்பு இவர்களிடம், பணப்பெட்டியின் சாவி அவர்களிடம். ஒரு தனி உறுப்பினர், அதுவும் கட்சி இல்லாத நியமன உறுப்பினர், இரண்டு தரப்பையும் சம்மதிக்க வைத்தால்தான் ஒரு காகிதமாவது நகரும்.

முத்துலட்சுமி கையிலெடுத்த பெரிய பிரச்சினை பொட்டுக்கட்டும் வழக்கம். சிறு பெண்ணைக் கோயில் தெய்வத்துக்கு மணமுடித்ததாகச் சடங்கு செய்து, பிறகு அவளுக்கு மனிதத் திருமணமே இல்லை என்றாக்குவது. கலையும் சொத்தும் அந்தஸ்தும் கூட அந்த மரபில் இருந்தன. ஆனால் முடிவெடுக்கும் வயது வருமுன்பே ஒரு குழந்தையின் உடல் பற்றிய முடிவைப் பெரியவர்கள் எடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் அவர் கண்ட குற்றம்.

1927 நவம்பரில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். கோயில்களில் பெண் குழந்தைகளை அர்ப்பணிப்பதை நிறுத்த அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். அவை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானம் என்பது சட்டம் அல்ல. “இப்படிச் செய்யுங்கள்” என்று அரசுக்கு அவை செய்யும் பரிந்துரை, அவ்வளவுதான். அரசு அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஏற்கெனவே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் இருக்கின்றனவே, சிறுமியை விபசாரத்துக்காகக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்தானே என்பது அரசுத் தரப்பில் ஆயத்தமாக இருந்த பதில். அந்தப் பிரிவுகளால் பயன் இல்லாததன் காரணம் எளிது. நடப்பது கோயிலில், சடங்காக, ஊரறிய. சடங்கு நடத்தியவரின் நோக்கம் விபசாரம்தான் என்று யார் சாட்சி சொல்வார்? நோக்கத்தை நிரூபிக்க முடியாத இடத்தில் அந்தப் பிரிவு வெறும் காகிதம்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. எல்லாரும் வழக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் நிலத்தைப் பார்த்தார்.

கோயிலில் பணிசெய்யும் தேவதாசிக்குச் சம்பளம் பெரும்பாலும் காசாகக் கிடைக்காது. மானிய நிலம், அதாவது இனாம், விடப்பட்டிருக்கும். நிலத்தை அனுபவிக்கலாம், ஆனால் அந்த அனுபவம் பணியோடு கட்டப்பட்டது. பணி நின்றால் நிலம் போகும். ஒரு பெண்ணுக்கு வயதாகிறது, அவளால் இனி பணிசெய்ய முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் அடுத்த ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொண்டால்தான் நிலம் வீட்டில் நிற்கும். அந்த வீட்டில் ஒரு சிறுமி பிறந்தவுடனேயே அவள்மேல் அந்த நிலத்தின் பாரம் விழுந்துவிடுகிறது. தாய் பொட்டுக்கட்டியது மகள்மேல் பாசம் இல்லாததால் அல்ல, சோற்றுக்கு வழி அதுதான் என்பதால். “இந்த வழக்கம் தவறு, விட்டுவிடுங்கள்” என்று அந்த வீட்டுப் பெண்களிடம் போய்ச் சொன்னால், அதற்கு அர்த்தம் “உங்கள் வயலை விட்டுவிடுங்கள்” என்பதுதான்.

முத்துலட்சுமி இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். புதுச் சட்டம் எழுதப் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஏற்கெனவே இருந்த சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார். 1929-இல் அது நிறைவேறியது. அதன்படி, பணியோடு கட்டப்பட்டிருந்த இனாம் நிலம் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. நிலத்துக்கு ஒரு வரி கட்டிவிட்டால் போதும், கோயிலில் பணிசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பணியை விட்டாலும் வயல் போகாது. சிறுமியைப் பொட்டுக்கட்டித்தான் நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை அதோடு முடிந்தது.

அந்தத் திருத்தத்தில் யாருக்கும் தண்டனை இல்லை. யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. ஒரு பழக்கத்தைத் தாங்கி நிறுத்தியிருந்த பொருளாதாரத் தூணை மட்டும் அது எடுத்துவிட்டது. ஒழுக்கத்தைப் பற்றி அரைநாள் பேசுவதைவிட, பட்டாவில் ஒரு வரியை மாற்றுவது பெரிய சீர்திருத்தம் என்பதை அறிந்த ஒருவர்தான் இப்படிச் செய்ய முடியும். உள்ளூர் நிர்வாகம் அறிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இந்தச் சட்டத்துக்கும் குறை சொல்லப்பட்டது. விடுபட்ட நிலத்தை அந்தக் குடும்பங்களின் ஆண்கள் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள், பெண்கள் கையில் இருந்த சொத்து பறிபோனது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. தேவதாசி மரபில் பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்தது, பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமை இருந்தது. அன்றைய இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு அவை இல்லை. ஒரு கட்டிலிருந்து விடுவித்த பெண்ணை, சொத்தில்லாத இன்னொரு கட்டுக்குள் சமூகம் கொண்டுபோய் விட்டது.

அதோடு, அந்தப் பெண்களில் எல்லாரும் முத்துலட்சுமியின் பக்கம் நிற்கவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். தேவதாசியையும் விபசாரத்தையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள், எங்களுக்குப் படிப்பும் கலையும் உண்டு, எங்களிடம் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் போடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். 1932 வாக்கில் நாட்டியக் கச்சேரி பற்றிப் பத்திரிகைகளில் முத்துலட்சுமிக்கும் நாட்டியத்துக்கு ஆதரவாக நின்ற இ. கிருஷ்ண ஐயருக்கும் நடந்த விவாதத்திலும் இதே பிளவு தெரிந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையைப் பொட்டுக்கட்டக் கூடாது என்பதில் முத்துலட்சுமி சொன்னது முழுக்கச் சரி. அதில் பேரம் பேச இடமே இல்லை. ஆனால் வளர்ந்த பெண்களைக் கலைஞர்களாகப் பார்க்காமல், மீட்கப்பட வேண்டியவர்களாக மட்டும் பார்த்ததில் அவர் தவறினார். அவருடைய மொழி அந்தப் பெண்களைக் காயப்படுத்தியது. அந்த மரபில் வந்த தாயின் மகள் என்பதாலேயே அவரிடம் அத்தனை கடுமை இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை நேர்மையாகப் பார்த்ததாகும்.

பொட்டுக்கட்டுவதையே நேரடியாகத் தடைசெய்யும் மசோதாவை 1930-இல் முன்வைத்தார். பொதுமக்கள் கருத்தறிய அது சுற்றுக்கு விடப்பட்டது. அதற்குள் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். மசோதாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க அவையில் ஆள் இல்லை. அது நின்றுபோனது. தடைச் சட்டம் நிறைவேறியது 1947-இல், சுதந்திரத்துக்குப் பிறகு. இடையில் பதினேழு ஆண்டுகள். 1930-இல் பிறந்த ஒரு பெண் குழந்தை அந்தச் சட்டம் வரும்போது பதினேழு வயதுப் பெண்ணாகியிருக்கும். ஒரு மசோதா தாமதமானால் அதன் விலை இப்படி ஒருவரின் வயதில்தான் கழிகிறது. அந்த இடைக்காலத்தில் ஊர் ஊராகப் போய் மேடை போட்டுப் பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறைக்குள் வளர்ந்து அதிலிருந்து வெளியே வந்தவர், இந்த வாழ்க்கையை நாவலாகவும் எழுதியவர். அவர் வெளியே மக்களைத் திரட்டாமல் இருந்திருந்தால் உள்ளே போட்ட சட்டத்துக்கு வலு இருந்திருக்காது. இன்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பதவி விலகியதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. உண்மையில் மிக முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பொட்டுக்கட்டச் சம்மதிக்காமல் வெளியே வந்தவர்கள், படிக்க வேண்டும் என்று வந்தவர்கள். அவர்களுக்கு விடுதியில் இடம் பிடிக்க முத்துலட்சுமி முயன்றார். அன்றைய சென்னையில் விடுதிகளும் சாதிவாரியாகத்தான் இருந்தன. பிராமணர் விடுதி மறுத்தது, பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. “வெளியே வாருங்கள்” என்று சட்டசபையில் இருந்து குரல் கொடுத்தாயிற்று. வந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-இல் இப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பின்னர் அது அடையாறுக்கு இடம் மாறியது. பொட்டுக்கட்டும் குடும்பத்துப் பெண்களோடு ஆதரவற்ற பிள்ளைகள், கைவிடப்பட்டவர்கள் என்று யார் வந்தாலும் சாதி கேட்காமல் சேர்த்துக்கொண்டது.

சட்டம் போடுபவர்கள் பலர் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். சட்டம் நிறைவேறிய மறுநாள் காலையில், அந்தச் சட்டத்தை நம்பி வீட்டை விட்டு வந்த பெண்ணுக்குப் படுக்கப் பாயும் சாப்பிடத் தட்டும் வேண்டும் என்று நினைத்தவர்கள் மிகக் குறைவு. முத்துலட்சுமியின் பொதுவாழ்வில் நான் ஒன்றைத்தான் பெரிதாகச் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இதே காலத்தில் அவர் கைவைத்த மற்ற வேலைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். விபசாரத்துக்காகப் பெண்களை விற்பதைத் தடுக்கும் 1930-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்துக்காக உழைத்தார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை வைத்த 1929-ஆம் ஆண்டு சாரதா சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் உறுப்பினராக நாடெங்கும் சுற்றினார். 1931-இல் அகில இந்திய மாதர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1933-இல் ராஜகுமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி ஆகியோரோடு லண்டன் போய், நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் பெண்கள் வாக்குரிமைக்காகச் சாட்சியம் சொன்னார். பெண்ணின் ஓட்டைக் கணவனின் சொத்தோடு கட்டாதீர்கள், மதத்தின் பேரால் பிரிக்காதீர்கள், வயதுவந்தோர் எல்லாருக்கும் கொடுங்கள் என்பதுதான் அந்த மாதர் அமைப்புகளின் கோரிக்கை. அது முழுமையாகக் கிடைக்க அரசியல் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னை மாநகராட்சியில் அவர் ஆல்டர்மேன் ஆனது 1937-இல். இந்தப் பதவி இப்போது இல்லை என்பதால் ஒரு வார்த்தை. வார்டுகளில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் கூடி, அனுபவம் உள்ள சிலரைத் தங்களோடு சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள்தான் ஆல்டர்மேன்கள். உலக மாநாடுகளில் பேசிவிட்டு வந்தவர், அதன்பிறகு ஒரு மாநகராட்சி மன்றத்தில் உட்கார ஒப்புக்கொண்டார் என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. சாக்கடை, குடிநீர், பிரசவ விடுதி, பள்ளிக்கூடம் இவையெல்லாம் முடிவாகும் இடம் அதுதான். ஒரு மகப்பேறு மருத்துவருக்கு அந்த மன்றம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

பெண்கள் மாநகராட்சிக்குள் நுழையும் வழி பிறகு எப்படி அகன்றது என்பதையும் பார்த்துவிடுவோம். சென்னைக்கு முதல் பெண் மேயராக தாரா செரியன் வந்தது 1957-இல். அடுத்து 1971-இல் காமாட்சி ஜெயராமன். அதன்பிறகு ஆர். பிரியா மேயரானது 2022-இல். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையில் ஐம்பத்தோர் ஆண்டுகள். 1990-களின் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கின. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. ஒதுக்கீடு இல்லாத இடத்தில் பெண்கள் எவ்வளவு மெதுவாக நுழைந்தார்கள் என்பதற்கு அந்த ஐம்பத்தோர் ஆண்டு இடைவெளியே சாட்சி. முத்துலட்சுமி நியமனத்தால் வந்தவர் என்று குறைத்துப் பேசுபவர்களுக்கும், இன்றைய பெண் ஊராட்சித் தலைவர்களை ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்று இளக்காரமாகப் பேசுபவர்களுக்கும் பதில் ஒன்றுதான். கதவு எப்படித் திறந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, உள்ளே போனவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

கடைசியாகப் புற்றுநோய் மருத்துவமனை. இதில் அவர் காத்திருந்த காலம்தான் மிக நீளம்.

1923-இல் அவருடைய தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்தார். மருத்துவரான அக்காவால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியவில்லை. அந்த நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில் அதைக் கோரிக்கையாகவே வைத்தார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதுதான் அதிகாரத்தில் இருந்தவர்களின் எண்ணமாக இருந்தது. புற்றுநோய் என்ற பெயரைச் சொல்லவே வீடுகளில் அஞ்சிய காலம் அது.

அரசு கையை விரித்ததும் அவர் பழைய துணையைத் தேடிப் போனார். இந்திய மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கியது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தது. அப்போது முத்துலட்சுமிக்கு அறுபத்தேழு வயது. தங்கை இறந்து முப்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இளம் மருத்துவர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்தையே தன் வீடாக்கிக்கொண்டவர் சாந்தா. ஏழை என்பதற்காக எந்த நோயாளியையும் திருப்பி அனுப்பாத இடம் என்று அந்த மருத்துவமனைக்கு வந்த பெயர் இவர்கள் மூவரின் உழைப்பால் வந்தது.

அந்த மருத்துவமனையின் பெயர்ப் பலகையை நீங்கள் பார்த்திருக்கலாம். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்துகள் இருக்கும். ஏதோ பதிவெண் போல அதைத் தாண்டிப் போய்விடுவோம். அது இந்திய மாதர் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். ஓட்டுரிமை கேட்டுத் தொடங்கிய ஒரு பெண்கள் சங்கம்தான் தென்னிந்தியாவுக்கு முதல் புற்றுநோய் மருத்துவமனையைக் கட்டியது.

மருத்துவமனை திறந்த அதே 1954-இல் மாநில சமூக நல வாரியத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1956-இல் பத்மபூஷண். 1968 ஜூலை 22 அன்று, எண்பத்திரண்டு வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது காலமானார். அவர் பிறந்த நாளான ஜூலை 30 தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டிலோ ஊராட்சியிலோ ஒரு பெண் உறுப்பினர் இருப்பார். கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் அவரிடம் போய்க் கேளுங்கள். என்ன தீர்மானம் போட்டீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தீர்மானம் இப்போது எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் இருக்கிறது, அதற்குப் பணம் எந்தத் தலைப்பில் வரவேண்டும், அது நிறைவேறினால் முதலில் யாருடைய வீட்டுக் கதவு திறக்கும் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அவர் பக்கம் நில்லுங்கள். கணவரோ அண்ணனோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவரைப் பேசவிடுங்கள் என்று அதே கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

அடையாறு பெசன்ட் அவென்யூ பக்கம் போக நேர்ந்தால் அவ்வை இல்லத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பள்ளி நடக்கும் நாளாக இருந்தால் உள்ளே பெண் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.